சனிக்கிழமை விதவைகள்

கணவன் நல்ல சுகத்தோடு இருக்கிறான். காலையில் எழுந்தான், காப்பி குடித்தான், தன் கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டான், காரில் ஏறிப் போய்விட்டான். இனி இரவில்தான் வருவான்.

வீட்டில் இருக்கும் மனைவிக்கு அமெரிக்காவில் ஒரு பட்டப் பெயர் உண்டு. "கால்பந்து விதவை!"

கேட்கவே காது கூசுகிறது அல்லவா? ஆனால் இது விரோதத்தில் வைத்த பெயர் அல்ல. கேலிப் பெயர். அந்த நாட்டுப் பெண்களே சிரித்துக்கொண்டு சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு மனக்குறையும் இருக்கிறது.

கல்லூரிக் கோஷ்டிகளின் பந்தயங்கள் ஆகஸ்டு கடைசியில் தொடங்கும். நவம்பர் கடைசி வரை நடக்கும். ஒவ்வொரு கோஷ்டிக்கும் சாதாரணமாக 12 பந்தயங்கள். பெரும்பாலும் சனிக்கிழமைதான் ஆட்டம். ஜெயித்துக்கொண்டே போகும் கோஷ்டியாக இருந்தால் ஜனவரி வரை இழுக்கும்.

கணவனும் மனைவியும் வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் வீடுகள் அங்கே ஏராளம். சேர்ந்து இருக்கக் கிடைப்பது சனியும் ஞாயிறும்தான். அதில் சனிக்கிழமையைப் பந்து எடுத்துக்கொண்டால்?

"மனைவியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே!" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பலர் அப்படித்தான் போகிறார்கள். ஆனால், கூட்டிப் போவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் கூட்டிப் போனால், வீட்டில் தனியாக இருந்தவள், லட்சம் பேருக்கு நடுவில் தனியாக இருப்பாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் முதல் கடமை யாருக்கு? ஆட்டத்தின் மேல் ஆசை உள்ளவருக்குத்தான். கூட வருகிறவருக்கு அல்ல. ஆசை உள்ளவர் கணவனாகவும் இருக்கலாம், மனைவியாகவும் இருக்கலாம். நியாயம் ஒன்றுதான்.

காலால் ஆடாத கால்பந்து

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். பெயர் கால்பந்து. ஆனால் காலுக்கு வேலை குறைவு. பந்து உருண்டை அல்ல. இரண்டு முனையும் கூராக இருக்கும். அதைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். அல்லது தூரத்தில் இருக்கும் தோழனுக்கு வீசுவார்கள். எதிரிகள் பாய்ந்து கீழே தள்ளுவார்கள்.

ஆதியில் இப்படி இல்லை. கல்லூரிகளுக்குள் நடந்த முதல் பந்தயம் 1869 நவம்பர் 6-ந் தேதி நடந்தது. இடம், நியூ ஜெர்சி ராஜ்யத்தில் உள்ள நியூ பிரன்ஸ்விக். ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. பக்கத்துக்கு 25 பேர்! ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. அன்று பந்து உருண்டைதான். கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. பிறகுதான் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி இன்றைய உருவத்துக்கு வந்தது.

இன்று பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கஜ நீளம். இரு முனைகளிலும் 10 கஜ இடம் தனி. பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி 4 வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் 6 புள்ளி.

இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதைக் கூடச் சொல்லாமல் மனைவியை உட்கார வைத்துவிடுகிறார்கள்! பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து குதிக்கிறார்கள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எல்லோரும் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் ஏன் என்று தெரியாது. கடிகாரக் கணக்குக்கு ஆட்டம் 60 நிமிஷம். ஆனால் கடிகாரத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார்கள். முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒன்றும் புரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பது தண்டனை அல்லவா?

"ஏன் நிறுத்தினார்கள்?" என்று அவள் கேட்பாள்.

"பிறகு சொல்கிறேன்" என்பான் கணவன். அந்தப் "பிறகு" வரவே வராது.

புறப்படும்போது காரிலேயே சொல்லலாம். நாலு வாய்ப்பு, பத்து கஜம், ஆறு புள்ளி. மூன்று விஷயம் போதும். மீதியை அவள் கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது பாடம் நடத்தக் கூடாது.

ஏன் இவ்வளவு மோகம்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானம் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறது. 1927-ல் திறந்தார்கள். அதில் 107,601 பேர் உட்காரலாம். 1975 நவம்பர் முதல் அங்கே நடக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் கூடி வருகிறார்கள். கொரோனா நோய் பரவிய 2020 மட்டும் விலக்கு.

நெப்ராஸ்கா ராஜ்யத்தில் லிங்கன் நகரத்து மைதானத்தில் 1962 முதல் எல்லாப் பந்தயங்களுக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுப் போகிறது. தாத்தா உட்கார்ந்த இடத்தில் பேரன் உட்காருகிறான்.

படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? காரணம் இருக்கிறது. நெப்ராஸ்கா, அலபாமா போன்ற ராஜ்யங்களில் பெரிய தொழில் கோஷ்டி கிடையாது. கல்லூரிக் கோஷ்டிதான் ஜனங்களுக்குச் சொந்தக் கோஷ்டி. கல்லூரி வாசலை மிதிக்காதவனும் அதைத் "எங்கள் கோஷ்டி" என்பான்.

படித்தவர்களுக்கோ அது இளமையின் ஞாபகம். வருஷத்துக்கு ஒரு பந்தயத்தை "வீடு திரும்பும் நாள்" என்று கொண்டாடுவார்கள். பழைய மாணவர்கள் தூர தூர ஊர்களிலிருந்து வருவார்கள். ஊர்வலம் நடக்கும். மாணவர்களில் ஒரு ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுப்பார்கள்.

ஒரே கல்லூரியில் படித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு அந்த நாள் இன்பமான நாள். "இந்த மரத்தடியில்தான் நீ எனக்காகக் காத்திருந்தாய்" என்று பேசிக்கொண்டு நடக்கலாம். ஆனால் வேறு ஊரில் படித்து, பிறகு மனைவியாக வந்தவளுக்கு? கணவனும் அவன் சிநேகிதர்களும் பழைய கதை பேசிச் சிரிப்பார்கள். கதையில் வரும் ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு புன்னகை செய்வாள். அந்தப் புன்னகை எவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்குத் தெரியாது.

கதை சொல்லட்டும். ஆனால் நடுநடுவே திரும்பி, "இவன்தான் அன்றைக்கு இப்படிச் செய்தவன்" என்று அவளுக்கும் எடுத்துச் சொல்லட்டும். ஒரு வாக்கியத்தில் அவளும் கதைக்குள் வந்துவிடுவாள்.

கார் நிறுத்தும் இடத்தில் திருவிழா

பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் வேடிக்கைதான் பலருக்குப் பந்தயத்தை விடப் பெரிது. அதற்கு "டெயில்கேட்" என்று பெயர். வண்டியின் பின்கதவைக் கீழே இறக்கினால் ஒரு பலகை போல ஆகும் அல்லவா? அதில் சாப்பாட்டைப் பரப்பி வைத்துச் சாப்பிடுவார்கள். பெயர் வந்த கதை அதுதான்.

காலையிலேயே கார்கள் வந்து நிற்கும். கூடாரம் எழும்பும். கரி அடுப்பில் இறைச்சி வேகும். பிள்ளைகள் பந்து வீசி விளையாடுவார்கள். பாண்டு வாத்தியம் முழங்கும். முன்பின் தெரியாதவர்களும் "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று கூப்பிடுவார்கள்.

மிசிசிப்பி ராஜ்யத்தில் ஆக்ஸ்போர்டு என்ற ஊர் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்துக்குள் பத்து ஏக்கர் மரத்தோப்பு இருக்கிறது. பந்தய நாளில் தோப்பு முழுவதும் கூடாரம்! ஆண்கள் டை கட்டிக்கொண்டும், பெண்கள் விருந்துக்குப் போகும் உடை உடுத்திக்கொண்டும் வருவார்கள். மேஜைமேல் வெள்ளைத் துணி, பூச்சாடி. சில கூடாரங்களில் சரவிளக்குக் கூடத் தொங்கும். கல்யாணப் பந்தல் தோற்றுப் போகும்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் மைதானம் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1962-ல் ஒருவர் போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து படகில் வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் படகில் வரத் தொடங்கினார்கள். இன்று அங்கே படகுகளே ஒரு பட்டாளமாக வந்து நிற்கின்றன. சாப்பாடும் பாட்டும் படகிலேயே.

ஆட்டம் தெரியாத கணவனுக்கும் மனைவிக்கும் இங்கே இடம் உண்டு. பசி உள்ளவர்கள் யாரும் வரலாம். ஆனால் இதிலும் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. இருபது பேருக்குச் சமையல் யார் செய்வது? முதல் நாள் இரவே பாத்திரம் பாத்திரமாகக் கிண்டி, கட்டி, காரில் ஏற்றி, இறக்கி, பரிமாறி, கழுவி, திரும்ப ஏற்றுவது யார்? அது மனைவி என்றால், அவள் உல்லாசப் பயணம் வரவில்லை. அவளுடைய அடுப்பங்கரை வெயிலுக்கு இடம் மாறியிருக்கிறது!

கரி அடுப்புப் பக்கம் ஆண்கள் நின்று பெருமைப்படுவது அங்கே வழக்கம்தான். நல்ல வழக்கம். அந்தப் பெருமை பாத்திரம் கழுவுவது வரைக்கும் நீடிக்க வேண்டும்.

குடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கூடாரங்களில் பீர் தாராளமாக ஓடும். தென்கிழக்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பு, மைதானத்துக்குள் எல்லோருக்கும் மது விற்பதை முன்பு தடுத்து வைத்திருந்தது. 2019-ல் அந்தத் தடையை எடுத்து, அந்தந்தக் கல்லூரியின் இஷ்டத்துக்கு விட்டது. எனவே வாசலுக்கு வெளியேயும் குடிக்கலாம்; உள்ளேயும் குடிக்கலாம் என்று பல இடங்களில் ஆகிவிட்டது. குடிக்காத ஒருவர் வண்டி ஓட்டியாக வேண்டும். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் மனைவி தலையிலேயே விழுவது நியாயமா? அவள் ஒரு தடவை ஓட்டினால், அவன் ஒரு தடவை குடிக்காமல் இருக்கட்டும்.

வாசலில் நின்றுபோன கைப்பை

சின்ன விஷயங்களில்தான் பெரிய மனஸ்தாபம் வரும். ஒரு சிறு உதாரணம். அமெரிக்காவின் பல மைதானங்களில் இப்போது உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள். பாதுகாப்புக்காக வந்த விதி. வழக்கமாகப் போகும் கணவனுக்கு இது தெரியும். புதிதாகப் போகும் மனைவிக்குத் தெரியாது. அவள் அழகான தோல் கைப்பையை மாட்டிக்கொண்டு வருவாள். காவலர் கையை நீட்டித் தடுப்பார். திரும்பக் கார் வரைக்கும் ஒரு மைல் நடை! அதற்குள் ஆட்டம் தொடங்கிவிடும். இருவர் முகமும் சிவக்கும்.

முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொல்லை இல்லை. செப்டம்பரில் தெற்கே வெயில் கொளுத்தும். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். நவம்பரில் வடக்கே பனி பெய்யும். கம்பளி வேண்டும். பல மைதானங்களில் ஆசனம் என்பது வெறும் அலுமினியப் பலகை. ஒரு மெத்தை கொண்டுபோனால் முதுகு பிழைக்கும்.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சங்கதி. அங்கே மாணவர் பகுதியில் இடம் பிடித்தால் உட்காரவே கூடாது! ஆட்டம் முடிகிற வரையில் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். 1922-ல் ஒரு பந்தயத்தில் அந்தக் கல்லூரி வீரர்கள் பலர் காயப்பட்டுவிட்டார்கள். கிங் கில் என்ற மாணவர் உடை மாற்றிக்கொண்டு, "தேவைப்பட்டால் நான் இறங்குகிறேன்" என்று கடைசிவரை ஓரத்தில் நின்றார். அந்த ஞாபகத்துக்காக, "நாங்கள் எல்லோரும் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்கள்" என்று இன்றும் மாணவர்கள் நிற்கிறார்கள். அழகான வழக்கம். ஆனால் உயரக் குதிகால் செருப்பு போட்டு வந்த மனைவிக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

அதே கல்லூரியில் சொந்த ஊர்ப் பந்தயத்துக்கு முந்தின நாள் நடு இரவில் மைதானத்தில் கூடுவார்கள். மறுநாள் போட வேண்டிய கோஷங்களைப் பழகுவார்கள். முடியும்போது விளக்குகளை அணைப்பார்கள். ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள். ஜோடி இல்லாதவர்கள் சிகரெட் லைட்டரைக் கொளுத்தி, "இங்கே ஒரு ஆள் தனியாக இருக்கிறேன்" என்று காட்டுவார்களாம்! வயதான தம்பதிகளும் அந்த இருட்டுக்காகத் தூக்கம் விழித்துப் போகிறார்கள். இதற்கு ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரிய வேண்டியது இல்லை.

ஒரே வீட்டில் இரண்டு கட்சி

கூட வருகிறவருக்கு ஆட்டம் தெரியாவிட்டால் ஒரு தொல்லை. நன்றாகத் தெரிந்திருந்து, எதிர்க் கோஷ்டியாக இருந்தால் இன்னொரு தொல்லை!

அலபாமா ராஜ்யத்தில் இது சகஜம். அலபாமா பல்கலைக்கழகம் ஒரு பக்கம். ஆபர்ன் பல்கலைக்கழகம் ஒரு பக்கம். ஒன்றுக்குச் சிவப்பு, மற்றதற்கு ஆரஞ்சும் நீலமும். 1893-ல் இரண்டும் முதல் முதலாக மோதின. 1907-ல் நடந்த பந்தயம் 6-6 என்று சமமாக முடிந்தது. அடுத்த பந்தயத்துக்குப் பேச்சு நடந்தது. வீரர்களுக்குப் படிப்பணம் எவ்வளவு, நடுவராக யாரைப் போடுவது என்பதில் தகராறு. பேச்சு முறிந்தது. மறுபடி அவர்கள் மோதியது 1948-ல். 41 வருஷம்! அற்ப விஷயத்தில் தொடங்கிய கோபம், ஒரு தலைமுறையையே தின்றுவிட்டது.

1948-ல் பந்தயம் நடந்த பர்மிங்காம் நகரப் பூங்காவில், இரு கல்லூரி மாணவர் தலைவர்களும் ஒரு கைக்கோடரியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். பகை ஒழிந்தது என்பதற்கு அது அடையாளம். அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஆட்டம் நடக்கிறது.

அந்த ராஜ்யத்தில் அலபாமாக்காரன் ஆபர்ன்காரியைக் கட்டிக்கொள்வான். வீட்டு வாசலில் பாதி சிவப்பும் பாதி நீலமுமாகக் கொடி தொங்கும். கார் முன்னால் இரு கல்லூரிச் சின்னமும் பொறித்த பலகை இருக்கும். "பிளவுபட்ட வீடு" என்று அதில் எழுதியிருக்கும். பந்தய நாளில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எதிர் எதிர்க் கோஷம் போடுவார்கள். பிளவை மறைக்காமல் வாசலிலேயே எழுதிவைத்துச் சிரிக்கத் தெரிந்த வீடு பிளவுபடாது.

சிரிக்கத் தெரியாதவர் கதையும் அங்கேயே இருக்கிறது. ஆபர்ன் நகர முச்சந்தியில் இரண்டு பழைய ஓக் மரங்கள் இருந்தன. ஜெயித்தால் அவற்றின்மேல் காகிதச் சுருள்களை எறிந்து கொண்டாடுவார்கள். 2010 நவம்பரில் ஆபர்ன் 28-27 என்று ஜெயித்தது. பொறுக்காத ஓர் அலபாமா ரசிகர் மரங்களுக்கு விஷம் வைத்துவிட்டார்! மரங்கள் பிழைக்கவில்லை. 2013-ல் வெட்டி எடுத்தார்கள். விஷம் வைத்தவர் சிறைக்குப் போனார். ஒரு புள்ளி வித்தியாசத்துக்கு மரத்தைக் கொல்வதா?

மரத்துக்கு விஷம் வைப்பவர்கள் அபூர்வம். ஆனால், கோஷ்டி தோற்றதற்காக வீட்டில் வந்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்பவர்கள் ஏராளம். ராத்திரிச் சாப்பாட்டில் எரிந்து விழுவார்கள். பிள்ளைகள் பயந்து ஒதுங்கும். அதுவும் வீட்டுக்குள் வைக்கும் விஷம்தான். தோல்வியை மைதானத்து வாசலில் போட்டுவிட்டு வரத் தெரியாதவர், மனைவியையோ கணவனையோ கூட்டிப் போகத் தகுதி இல்லாதவர்.

70,000 பேர் கை அசைத்தார்கள்

ஆட்டம் தெரியாதவரும் அழைத்தால் ஏன் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும்? அதற்குப் பதில் அயோவா நகரத்தில் இருக்கிறது.

அயோவா பல்கலைக்கழக மைதானத்தில் ஏறக்குறைய 70,000 பேர் உட்காரலாம். பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆஸ்பத்திரி புதிதாக எழுந்தது. பல மாடிக் கட்டடம். மேல் மாடிக் கண்ணாடி ஜன்னலில் நின்றால் மைதானம் முழுவதும் தெரியும். கடுமையான நோயோடு படுத்திருக்கும் பிள்ளைகள், பெற்றோரோடு அங்கிருந்து ஆட்டம் பார்ப்பார்கள்.

2017-ல் ஒரு பெண் ரசிகை ஒரு யோசனை சொன்னார். "ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிந்ததும் நாம் எல்லோரும் திரும்பி அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக் கை அசைத்தால் என்ன?" யோசனை பரவியது. அந்த வருஷம் முதல் பந்தயத்திலேயே செய்தார்கள். இன்றும் நடக்கிறது. முதல் பகுதி முடியும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இரு கோஷ்டி வீரர்களும், நடுவர்களும், எதிர்க் கட்சி ரசிகர்களும் கூடத் திரும்புவார்கள். 70,000 கைகள் ஆஸ்பத்திரியை நோக்கி அசையும். ஜன்னலிலிருந்து சின்னக் கைகள் பதிலுக்கு அசையும்.

அந்த நிமிஷத்தில் பத்து கஜமும் ஆறு புள்ளியும் யாருக்கு வேண்டும்? மூன்று மணி நேரத்தில் தனக்குப் புரிந்தது அது ஒன்றுதான் என்று ஒரு மனைவி சொன்னாலும், கணவன் கொடுத்த டிக்கெட் வீண் இல்லை. பிள்ளைகளை நினைத்துக் கண் கலங்கும்போது, பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்க வேண்டும். கூட்டிப் போவது அதற்குத்தான்.

முதலில் சின்னதாக

எடுத்த எடுப்பிலேயே லட்சம் பேர் கூட்டத்தில் கொண்டுபோய்த் தள்ளக் கூடாது. அதற்கும் வழி இருக்கிறது.

பல கல்லூரிகள் ஆகஸ்டு மாதம், பந்தயங்கள் தொடங்குவதற்கு முன், "ரசிகர் தினம்" வைக்கின்றன. வீரர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். பிள்ளைகள் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியது இல்லை. அலுப்புத் தட்டினால் வீட்டுக்குத் திரும்பலாம். தொலைக்காட்சியில் மலை போலத் தெரிந்த வீரன், நேரில் பார்த்தால் இருபது வயதுப் பையன் என்பது தெரியும். பெயர் தெரிந்த பையன் ஆடினால், ஆட்டத்தில் தானாக ஆசை வரும்.

ஏப்ரல் மாதத்தில் வசந்த கால ஆட்டம் என்று ஒன்று உண்டு. ஒரே கல்லூரி வீரர்கள் இரண்டாகப் பிரிந்து தங்களுக்குள் ஆடுவார்கள். தோல்வி என்ற துக்கம் இல்லை. 2007-ல் அலபாமாவில் இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு 92,138 பேர் வந்தார்கள். 2016-ல் ஓஹையோவில் 100,189 பேர். அண்மையில் சில கல்லூரிகள் இதை விட்டுவிட்டன. இருக்கும் இடத்தில் புதியவர்களுக்கு இது நல்ல பள்ளிக்கூடம்.

பணத்தையும் மறக்கக் கூடாது. டிக்கெட், கார் நிறுத்தக் கட்டணம், சாப்பாடு, சட்டை, தொப்பி என்று செலவு ஏறும். பல கல்லூரிகளில் நல்ல இடத்துக்குப் பருவ டிக்கெட் வேண்டுமானால், விலைக்கு மேல் நன்கொடையும் கொடுக்க வேண்டும். குடும்பப் பணத்தில் வாங்குவதைக் குடும்பத்தில் இருவரும் பேசித்தான் வாங்க வேண்டும். வாங்கிய பிறகு சொல்வது, கேட்பது ஆகாது.

அடுத்த சனிக்கிழமை யாருடையது?

கூட வருகிறவருக்கும் கடமை உண்டு. வருகிறேன் என்று ஒப்புக்கொண்டால் முகம் சுளிக்காமல் வர வேண்டும். "எப்போது முடியும்?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்கக் கூடாது. நுணுக்கமான நேரத்தில் தொணதொணக்கக் கூடாது. அடியோடு பிடிக்கவில்லை என்றால், "நீ போய் வா, எனக்கு வேறு வேலை இருக்கிறது" என்று சந்தோஷமாக அனுப்பலாம். போகாதது அன்புக் குறைவு ஆகாது. வற்புறுத்திக் கூட்டிப் போவதுதான் அன்புக் குறைவு.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இவருக்கு என்றால், ஒரு சனிக்கிழமை அவருக்கு. அவளுக்குப் பிடித்தது சங்கீதமாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம், அவளுடைய அம்மா வீடாக இருக்கலாம். அங்கே அவன் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார வேண்டும். மைதானத்தில் அவளிடம் எந்தப் பொறுமையை எதிர்பார்த்தானோ, அதே பொறுமை.

நெப்ராஸ்காவில் 2023 ஆகஸ்டு 30-ந் தேதி ஓர் அதிசயம் நடந்தது. அதே கால்பந்து மைதானத்தின் நடுவில் கைப்பந்து வலை கட்டினார்கள். பல்கலைக்கழகப் பெண்கள் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர்! அமெரிக்காவில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு அதற்கு முன் அவ்வளவு கூட்டம் கூடியது இல்லை. எத்தனையோ வருஷம் கணவனோடு வந்து உட்கார்ந்த மனைவிகள் உள்ள மைதானம் அது. அன்று, தன் மனைவிக்காகவும் மகளுக்காகவும் வந்து உட்கார்ந்த ஆண்கள் எத்தனை பேர்! பந்துக்கு ஆண், பெண் கிடையாது. ஆசைக்கும் கிடையாது.

பந்தயம் முடிந்தால் பலகையில் விளக்கு அணைந்துவிடும். லட்சம் பேரும் கலைந்துவிடுவார்கள். வீடு திரும்பும் காரில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். அந்தக் காரில் வழி நெடுகப் பேச்சும் சிரிப்பும் கேட்டால், எந்தக் கோஷ்டி ஜெயித்திருந்தாலும் சரி, அந்தக் குடும்பம் ஜெயித்துவிட்டது. "கால்பந்து விதவை" என்ற பெயர் அந்த வீட்டு வாசலுக்கு வராது.